‘ஐரோப்பா சொல்லிவிட்டது’ என்றால் சொன்னது யார்?

2021 ஜூன் 10. ஐரோப்பிய நாடாளுமன்றம் இலங்கையைப் பற்றி ஒரு தீர்மானம் போட்டது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கண்டித்துவிட்டு, இலங்கைப் பொருள்களுக்கு ஐரோப்பியச் சந்தையில் கிடைக்கும் ஜிஎஸ்பி பிளஸ் வரிச் சலுகையைத் தற்காலிகமாக நிறுத்தும் நடவடிக்கையைத் தொடங்கப் போதிய காரணம் இருக்கிறதா என்று பார்க்கும்படி ஐரோப்பிய ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. அடுத்த நாள் எனக்கு வந்த வாட்ஸ்அப் தகவல்களில் பாதி, ‘ஐரோப்பா சலுகையை ரத்து செய்துவிட்டது’ என்று சொல்லின. ஒரு குழுவில் வாழ்த்து, இன்னொரு குழுவில் வசை. சலுகையோ அசையாமல் அதே இடத்தில் இருந்தது.

அனுப்பியவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ‘ஐரோப்பா எச்சரித்தது’, ‘ஐரோப்பா மறுத்தது’ என்று எழுதியே எல்லோருக்கும் கை பழகிவிட்டது. பிரஸ்ஸல்ஸில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து உலகத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது போல ஒரு நினைப்பு. அப்படி ஒருவர் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளும் அதன் நான்கைந்து நிறுவனங்களும் ஒன்றுசேர்ந்தால்தான் அந்த வாக்கியத்துக்கு எழுவாயே கிடைக்கும். அவை எப்படிச் சேர்கின்றன, ஏன் பல நேரம் சேர்வதில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம்

ஐரோப்பாவில் ‘கவுன்சில்’ என்ற சொல்லோடு மூன்று அமைப்புகள் இருக்கின்றன. வேண்டுமென்றே குழப்புவதற்காக வைத்த பெயர்கள் என்றுகூட எனக்குச் சில நேரம் தோன்றும்.

27 நாடுகளின் பிரதமர்களும் அதிபர்களும் கூடும் சபை, ஐரோப்பிய கவுன்சில். எந்தத் திசையில் போவது என்று தீர்மானிப்பது அதன் வேலை. சட்டம் போடுவது அதன் வேலை இல்லை. அதே நாடுகளின் அமைச்சர்கள் கூடுவது அமைச்சர்கள் கவுன்சில். விவசாயம் என்றால் விவசாய அமைச்சர்கள், வெளியுறவு என்றால் வெளியுறவு அமைச்சர்கள். இந்தக் கட்டுரையில் வெறுமனே ‘கவுன்சில்’ என்றால் இதுதான். மூன்றாவது, ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இருக்கும் ஐரோப்பா கவுன்சில். அதற்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் சம்பந்தமில்லை. 46 நாடுகள் கொண்ட தனி அமைப்பு அது. மனித உரிமை நீதிமன்றம் அதனுடையது. செய்தியில் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் என்று வந்தால் அது ஒன்றியத்தின் முடிவு ஆகாது.

இவை தவிர இரண்டு: ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய நாடாளுமன்றம். ஆணையம் என்பது ஒன்றியத்தின் நிர்வாகம். சட்ட முன்மொழிவு எழுதுவதும் பணத்தைச் செலவிடுவதும் வெளிநாடுகளோடு வணிகப் பேச்சு நடத்துவதும் அதன் பொறுப்பு. நாடாளுமன்றம், மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது.

கடை ஒன்று, உறவுகள் பல

அண்ணன் தம்பிகள் சேர்ந்து நடத்தும் ஒரு மொத்த வியாபாரக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடை பொது. கல்லாவில் எல்லோரும் சேர்ந்து அமர்த்திய ஒரு மேனேஜர். எந்தச் சரக்கை உள்ளே விடுவது, யாருக்குத் தள்ளுபடி, யாருக்கு இனிமேல் கடன் இல்லை என்பதெல்லாம் அவர் கணக்கு. பெரிய விஷயம் என்றால் சகோதரர்களிடம் கொண்டுபோவார். பெரும்பாலானவர்கள் சொன்னபடி நடக்கும். ஒரு தம்பிக்குப் பிடிக்காவிட்டாலும் கடை திறக்கும்.

ஆனால் எதிர்வீட்டோடு பேசுவதா, முகத்தைத் திருப்பிக்கொள்வதா, அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் குடும்பத்தின் பெயரில் மொய் எழுதுவதா என்று வந்தால் கதை வேறு. மூத்தவர் அந்த வீட்டில் பெண் கொடுத்திருப்பார். நடுவிலவருக்கு அவர்களோடு வரப்புத் தகராறு. இளையவருக்குத் தினமும் தண்ணீர் அவர்கள் கிணற்றிலிருந்துதான் வருகிறது. ஒருவர் தலையாட்டவில்லை என்றாலும் ‘எங்கள் குடும்பம்’ என்று சொல்லி ஊரில் பேச முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. கடை என்பது சுமார் 45 கோடி மக்களின் பொதுச் சந்தை. சுங்க வரியும் வணிகமும் முழுக்க ஒன்றியத்தின் அதிகாரம். பிரான்ஸோ ஜெர்மனியோ தனியாக ஒரு நாட்டோடு வரி ஒப்பந்தம் போட முடியாது. கல்லாவில் இருப்பது ஆணையம். கடை விஷயங்களில் பெரும்பாலும் தகுதிப் பெரும்பான்மை போதும். அதாவது 27 நாடுகளில் 15 நாடுகள் ஆதரிக்க வேண்டும். அந்த நாடுகளின் மக்கள்தொகை மொத்தத்தில் 65 சதவீதமாவது இருக்க வேண்டும்.

உறவு விஷயத்துக்குப் பெயர் பொது வெளியுறவு மற்றும் பாதுகாப்புக் கொள்கை. அதில் விதி ஒருமித்த சம்மதம். ஐந்தரை லட்சம் பேர் வாழும் மால்டாவின் ‘வேண்டாம்’, எட்டு கோடிப் பேர் வாழும் ஜெர்மனியின் ‘வேண்டும்’ என்பதை நிறுத்திவிடும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வெளியே இருப்பவர்கள் ஐரோப்பாவுக்குப் பயப்படுவதும் பணிவதும் கடைக்காக. ஐரோப்பாவின் அரசியல் குரலோ கடையிலிருந்து வருவதில்லை, குடும்பக் கூட்டத்திலிருந்து வருகிறது. பலம் ஒரு கையில், குரல் இன்னொரு கையில்.

ஏன் இப்படிப் பிரித்தார்கள்?

மறதியால் இல்லை. 1954 ஆகஸ்ட் 30-ல் ஐரோப்பாவுக்குப் பொது ராணுவம் என்ற திட்டத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றமே தோற்கடித்தது. போரும் சமாதானமும் ஒரு நாட்டின் உயிர்நாடி. அதை யாரும் மேனேஜரிடம் கொடுக்கத் தயாரில்லை. எனவே கடையை மட்டும் வளர்த்தார்கள். 1970-ல் வெளியுறவு அமைச்சர்கள் அவ்வப்போது கூடிப் பேசிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று தொடங்கியது. பொதுக் கொள்கை என்று அதற்குப் பெயர் வந்தது, ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தில். அது நடைமுறைக்கு வந்தது 1993 நவம்பரில்.

பெயர் வருவதற்குள்ளேயே யூகோஸ்லாவியா உடையத் தொடங்கிவிட்டது. 1991-ல் ‘இது ஐரோப்பாவின் நேரம்’ என்று லக்சம்பர்க் வெளியுறவு அமைச்சர் ஜாக் பூஸ் பெருமையோடு சொன்னார். அந்த ஆண்டு டிசம்பரில், மற்றவர்களுக்குக் காத்திராமல் ஜெர்மனி குரோஷியாவையும் ஸ்லோவேனியாவையும் அங்கீகரித்தது. 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரனிட்சாவில் முஸ்லிம்கள் படுகொலை. போரை முடித்த பேச்சு நடந்தது அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்து டேட்டன் விமானப்படைத் தளத்தில். அந்த அவமானம்தான் அடுத்த பத்து ஆண்டுகளின் சீர்திருத்தங்களுக்கு உந்துதல் என்று நான் நினைக்கிறேன்.

இரண்டு தொப்பிக்காரர்

‘ஐரோப்பாவோடு பேச வேண்டுமென்றால் நான் எந்த எண்ணுக்கு போன் செய்வது?’ என்று அமெரிக்க முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸ்ஸிஞ்சர் கேட்டதாக ஒரு கதை எல்லாக் கட்டுரைகளிலும் வரும். அவர் உண்மையில் அப்படிக் கேட்டதற்கு ஆதாரம் இல்லை. கேள்வி மட்டும் நியாயமானது.

அதற்கான பதில்தான் 1999-ல் வந்த உயர் பிரதிநிதி பதவி. ஸ்பெயினின் ஹாவியர் சொலானா பத்து ஆண்டுகள் அதில் இருந்தார். ஆனால் அவர் கவுன்சிலின் ஆள். ஆணையத்தின் பணமும் ஆட்களும் அவர் கையில் இல்லை. குடும்பத்தின் சார்பில் பேசப் போவார், கடைச் சாவி அவரிடம் இருக்காது. 2009 டிசம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தம் அதை மாற்றியது. இப்போது உயர் பிரதிநிதி, வெளியுறவு அமைச்சர்கள் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார். அதே ஆள் ஆணையத்தின் துணைத் தலைவராகவும் இருப்பார். பஞ்சாயத்திலும் நாற்காலி, கல்லாப் பக்கமும் நாற்காலி. அவருக்குக் கீழே ஐரோப்பிய வெளியுறவுச் சேவை என்ற துறை. உலகம் முழுக்க 140-க்கும் மேற்பட்ட தூதரக அலுவலகங்கள். கேத்தரின் ஆஷ்டன், ஃபெடரிகா மொகெரினி, ஜோசெப் பொரெல் ஆகியோருக்குப் பிறகு 2024 டிசம்பரிலிருந்து எஸ்டோனியாவின் காயா கல்லாஸ் இந்தப் பதவியில் இருக்கிறார்.

இரண்டு நாற்காலிகளும் சேர்ந்து வேலை செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2013 ஏப்ரல் நல்ல உதாரணம். செர்பியாவையும் கொசோவோவையும் ஆஷ்டன் ஒரே மேசையில் உட்காரவைத்து ஒரு உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். இத்தனைக்கும் கொசோவோவை ஒரு நாடாகவே ஒன்றியத்தில் ஐந்து நாடுகள் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் இரு தரப்புக்கும் கடைக்குள் வர ஆசை இருந்தது. கதவைத் திறப்பதா என்ற பேச்சும் சமாதானப் பேச்சும் ஒன்றாக நடந்தன.

சேராவிட்டால் என்ன ஆகும்? 2021 ஏப்ரல் 6, அங்காரா. ஐரோப்பிய கவுன்சில் தலைவர் சார்ல்ஸ் மிஷெலும் ஆணையத் தலைவர் உர்சுலா ஃபான் டெர் லையனும் துருக்கி அதிபர் எர்டோகனைப் பார்க்கப் போனார்கள். கொடிகளுக்கு முன்னால் இரண்டே நாற்காலிகள். ஒன்றில் எர்டோகன் உட்கார்ந்தார். இன்னொன்றில் மிஷெல் உட்கார்ந்துவிட்டார். ஃபான் டெர் லையன் நின்றபடி கையை லேசாக விரித்து ‘ம்ம்?’ என்றது காணொளியில் கேட்கிறது. பிறகு ஓரத்தில் இருந்த சோபாவில் போய் அமர்ந்தார். ஐரோப்பியத் தரப்பு கேட்டபடிதான் இருக்கை போட்டோம் என்றது துருக்கி. ஒரு பெண் தலைவருக்கு நேர்ந்த அவமதிப்பு என்று பேசப்பட்டது, அது சரிதான். அதோடு, ‘ஐரோப்பாவின் தலை யார்’ என்பதை ஒன்றியமே முடிவு செய்யாமல் விட்டிருப்பதும் அந்த அறையில் தெரிந்தது. அரசியல் உறவில் மிஷெல் வகித்த பதவி பிரதிநிதி. வணிகம், நிதி உதவி என்றால் ஆணையத் தலைவர். இருவருக்கும் நடுவில் உயர் பிரதிநிதி. ஒரு போன் எண் கேட்டவருக்கு மூன்று கிடைத்திருக்கின்றன.

ஒரு தடை எப்படிப் பிறக்கிறது

நிறுவனங்கள் ஒன்றாகத் தைக்கப்படும் இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பொருளாதாரத் தடையைப் பாருங்கள். இன்னொரு நாட்டின் அரசையோ நிறுவனத்தையோ ஆளையோ பணம், பொருள், பயணம் ஆகியவற்றிலிருந்து துண்டிப்பதுதான் பொருளாதாரத் தடை.

2014 ஜூலை 31-ல் ரஷ்யா மீதான தடைக்காக ஒரே நாளில் இரண்டு ஆவணங்கள் வெளியாகின. ஒன்று 2014/512 என்ற எண் கொண்ட முடிவு. மற்றது 833/2014 என்ற ஒழுங்குவிதி. படித்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் சொல்லும். எதற்கு இரண்டு?

முதலாவது குடும்பக் கூட்டத்தின் தீர்மானம். எல்லா நாடுகளும் ஒருமித்துச் சம்மதித்தது. அது அரசுகளை மட்டுமே கட்டும். ஃபிராங்க்ஃபர்ட் வங்கியில் உட்கார்ந்திருக்கும் ஊழியரையோ ராட்டர்டாம் துறைமுகத்தில் கன்டெய்னரை நிறுத்தும் ஏற்றுமதியாளரையோ அது நேரடியாகக் கட்டாது. அதற்குத்தான் இரண்டாவது. உயர் பிரதிநிதியும் ஆணையமும் கூட்டாக முன்மொழிய, கவுன்சில் நிறைவேற்றும் கடைச் சட்டம் அது. ஒன்றியத்தின் அரசிதழில் வெளியானதும், எந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கும் போகாமல், 27 நாடுகளிலும் ஒரே மாதிரி சட்டமாகிவிடும். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ‘தடைத் தொகுப்பும்’ இந்த இரட்டையர்களில் திருத்தம் செய்துகொண்டே போகிறது. தனி ஆட்களின் பயணத் தடைக்கு மட்டும் இரண்டாவது ஆவணம் தேவையில்லை. விசா கொடுப்பது அந்தந்த அரசின் கையில் இருப்பதால் முதல் தீர்மானமே போதும்.

இதற்கு முந்தைய வேலை வெளியே தெரியாது. ஆணைய அதிகாரிகள் நாடுகளின் தூதர்களைச் சிறு சிறு குழுவாக அழைத்து, ‘இது உங்களால் முடியுமா, எது முடியவே முடியாது’ என்று கேட்பார்கள். பிரஸ்ஸல்ஸ்காரர்கள் இதைப் ‘பாவமன்னிப்புக் கூண்டு’ என்று கிண்டலாகச் சொல்வார்கள். இன்னொரு பக்கம் அரசியல் பாதுகாப்புக் குழு என்று ஒன்று வாரத்துக்கு இரண்டு முறை போலக் கூடும். 27 நாட்டுத் தூதர்கள், உலகத்தில் எங்கே என்ன நடக்கிறது என்று பேசி, அமைச்சர்களுக்கு முன்னால் பாதையைச் செதுக்கி வைப்பவர்கள். வெளியுலகம் கவனிக்காத குழு என்று நினைத்துவிட வேண்டாம்: 2021 மார்ச்சில் ஒன்றியம் போட்ட தடைக்குச் சீனா பதில் தடை போட்டபோது, பட்டியலில் இந்தக் குழுவையே முழுதாகச் சேர்த்தது.

சுருக்கமாக: சம்மதம் தருவது நாடுகள், கருவியைச் செய்வது ஆணையம், இரண்டையும் கோப்பது உயர் பிரதிநிதி, அமல்படுத்துவது மறுபடியும் நாடுகளின் வங்கி, சுங்கம், காவல்துறை. நாலில் ஒன்று நழுவினாலும் தடை காகிதமாகிவிடும்.

ஒரு ‘வேண்டாம்’ என்ன விலை?

2020-ல் பெலாரஸ் தேர்தல் முறைகேட்டுக்குத் தடை போட எல்லோரும் தயார். சைப்ரஸ் மட்டும் தலையாட்டவில்லை. பெலாரஸ் மீது அதற்குப் பாசம் ஒன்றுமில்லை. தன் கடற்பகுதியில் தோண்டும் துருக்கி மீது நடவடிக்கை வேண்டும் என்பதே கோரிக்கை. அக்டோபர் தொடக்கத்தில் தலைவர்கள் கூடித் துருக்கிக்கு ஒரு எச்சரிக்கை எழுதிய பிறகுதான் பெலாரஸ் தடை வெளிவந்தது. வீட்டோ, அதாவது ஒரே நாடு முடிவை நிறுத்திவைக்கும் அதிகாரம், பெரும்பாலும் இப்படி வேறொரு கணக்கைத் தீர்க்கத்தான் பயன்படுகிறது.

ரஷ்யத் தடைகளில் இன்னொரு கொக்கியும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை 27 நாடுகளும் மறுபடி ‘சரி’ சொன்னால்தான் நீடிக்கும். பேரம் பேச ஆண்டுக்கு இரண்டு வாய்ப்பு.

நெருக்கடியிலிருந்து தப்பிக்க ஒப்பந்தமே ஒரு கதவு வைத்திருக்கிறது: ஆக்கபூர்வ விலகல். ‘நான் வாக்களிக்கவில்லை, என்னைக் கட்டாது, ஆனால் உங்களைத் தடுக்கவும் மாட்டேன்’ என்பது அதன் பொருள். 2008-ல் கொசோவோவுக்கு ஒன்றியத்தின் சட்ட ஒழுங்குக் குழுவை அனுப்பியபோது சைப்ரஸ் அப்படி ஒதுங்கிக்கொண்டது. 2023 டிசம்பர் 14-ல் நடந்தது ஒப்பந்தத்தில் எழுதப்படாதது. உக்ரைனோடு உறுப்பினர் பேச்சைத் தொடங்கும் முடிவின்போது ஹங்கேரியின் விக்டர் ஓர்பன் எதிர்த்துக்கொண்டிருந்தார். ஜெர்மனியின் ஓலாஃப் ஷோல்ஸ் யோசனைப்படி, அவர் அறையைவிட்டு வெளியே போனார். உள்ளே 26 பேர் முடிவெடுத்தார்கள். ஒரு கண்டத்தின் எல்லையை ஒரு காபி இடைவேளை நகர்த்தியது.

வீட்டோவை ஒரேயடியாகத் திட்டுபவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. பொதுக் குரலுக்குச் சின்ன நாடுகள் கொடுக்கும் விலையை நம்மவர்கள் கிட்டத்தில் பார்த்திருக்கிறோம். 2006 மே மாதம் ஒன்றியம் விடுதலைப் புலிகளைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அப்போது இலங்கைப் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவில் நார்வே, ஐஸ்லாந்து, சுவீடன், டென்மார்க், ஃபின்லாந்து ஆகிய ஐந்து நாட்டவர்கள் இருந்தார்கள். கடைசி மூன்றும் ஒன்றிய உறுப்பினர்கள். பட்டியலில் சேர்த்த நாடுகளின் ஆட்கள் நடுநிலையாளர்களாக இருக்க முடியாது, செப்டம்பர் 1-க்குள் வெளியேற வேண்டும் என்றார்கள் புலிகள். வெளியேறினார்கள். குழுவில் மிஞ்சியது நார்வேயும் ஐஸ்லாந்தும். இரண்டும் ஒன்றியத்தில் இல்லாதவை. தடை சரியா தவறா என்ற விவாதம் தனி. ஒரே குரலில் பேசத் தொடங்கினால், நடுவராக நிற்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் குறையும் என்பதை மறுக்க முடியாது.

நாடாளுமன்றத்துக்குப் பல் இருக்கிறதா?

வெளியுறவில் அதன் தீர்மானங்கள் யாரையும் கட்டாது. ஆனால் பணப்பெட்டியின் சாவியில் பாதி அதனிடம். வணிக ஒப்பந்தங்களையும் அதன் சம்மதம் இல்லாமல் இறுதியாக்க முடியாது. சீனாவோடு ஆணையம் ஏழு ஆண்டு பேசி 2020 டிசம்பரில் கொள்கையளவில் முடித்த முதலீட்டு உடன்பாடு இன்றும் கிடப்பில் கிடக்கிறது. சீனாவின் பதில் தடையில் சில உறுப்பினர்களின் பெயரும் இருந்ததால், தடை நீங்கும்வரை அந்த உடன்பாட்டைத் தொடமாட்டோம் என்று 2021 மே மாதம் நாடாளுமன்றம் முடிவெடுத்தது.

இப்போது ஜிஎஸ்பி பிளஸுக்குத் திரும்பலாம். மனித உரிமை, தொழிலாளர், சுற்றுச்சூழல், நல்லாட்சி தொடர்பான 27 சர்வதேச உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்தும் வளரும் நாடுகளுக்கு, மூன்றில் இரண்டு பங்கு பொருள் வகைகளுக்கு வரி இல்லாமல் கதவு திறக்கும் ஏற்பாடு அது. (27 உறுப்பு நாடுகள், 27 உடன்படிக்கைகள், தற்செயல்தான்.) இது கடை விஷயம். ஆணையம் 2008-ல் விசாரணையைத் தொடங்கியது. 2010 ஆகஸ்டில் இலங்கைக்குச் சலுகை நின்றது. 2017 மே மாதம் திரும்பக் கிடைத்தது. இப்போதைய விதிப்படி, நிறுத்தும் நடவடிக்கையைத் தொடங்க வேண்டியது ஆணையம். கவுன்சிலும் நாடாளுமன்றமும் ஆட்சேபிக்கலாம். 2021 தீர்மானம் ஆணையத்தின் கதவைத் தட்டியது, அவ்வளவுதான். தட்டியதற்குப் பலன் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கொழும்பில் சட்டத் திருத்தம் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு சூடுபிடித்தது.

வீட்டோவைச் சுற்றிப் போகும் பாதை

ஒருமித்த சம்மதத்துக்குப் பதிலாகத் தகுதிப் பெரும்பான்மை வேண்டும் என்று 2018-ல் ஆணையம் கேட்டது: மனித உரிமை நிலைப்பாடு, தடைகள், ராணுவம் சாராத பணிகள் ஆகிய மூன்றில் மட்டுமாவது. 2023 மே மாதம் ஜெர்மனி, பிரான்ஸ் உட்பட ஒன்பது நாடுகள் இதற்காக ஒரு நண்பர் குழு அமைத்தன. நடக்கவில்லை. விதியை மாற்றவும் 27 நாடுகளின் சம்மதம் வேண்டுமே.

நிஜ மாற்றம் வேறு வழியில் வந்துகொண்டிருக்கிறது. 2025 ஜூனில் ரஷ்ய எரிவாயு இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்தும் திட்டத்தை ஆணையம் கொண்டுவந்தது. அதைத் தடையாக எழுதாமல், வணிகம், எரிசக்திச் சட்டமாக எழுதியது. தடை என்றால் ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் நிறுத்திவிடும். கடைச் சட்டத்துக்குத் தகுதிப் பெரும்பான்மை போதும். ஸ்லோவாக்கியாவுக்குப் புரிந்தது. எரிவாயுச் சட்டத்தை நிறுத்த முடியாததால், அதே நேரம் மேசையில் இருந்த 18-வது தடைத் தொகுப்பைப் பல வாரம் பிடித்துவைத்து உறுதிமொழி கேட்டது. ஜூலை 18-ல்தான் விட்டது. ரஷ்ய எண்ணெய் நிறுவனமான ரோஸ்நெஃப்ட் 49 சதவீதப் பங்கு வைத்திருக்கும், குஜராத்தின் வாடினார் சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் நயாரா நிறுவனம் தடைப் பட்டியலில் ஏறியது அந்தத் தொகுப்பில்தான். ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவின் தலையாட்டலுக்காகக் காத்திருந்த ஒரு காகிதம், குஜராத் கடற்கரைக்கு வரும் கப்பல்களைத் தொட்டது.

எரிவாயுச் சட்டத்தில் 2025 டிசம்பரில் கவுன்சிலும் நாடாளுமன்றமும் உடன்பாட்டுக்கு வந்தன. வெளியுறவுக் கொள்கையைக் கடைக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள், இது செல்லாது என்று நீதிமன்றத்துக்குப் போகப் போவதாக ஹங்கேரி அறிவித்தது.